ஊட்டியின் பழைய கட்டடங்களும் புதிய கட்டுமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி நகராட்சி மார்க்கெட்டின் ஒரு பகுதியை இடித்துவிட்டு, வண்டி நிறுத்த இடத்தோடு புதிதாகக் கட்டும் திட்டம் வந்ததிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். பழசை ஏன் இடிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். மழை ஒழுகும் கடையில் நீ வந்து உட்கார்ந்து பார் என்கிறார் இன்னொருவர். பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பது, மலையில் எவ்வளவு உயரம் கட்டலாம், இதில் யாருக்கு என்ன இழப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தக் கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

எல்லோருக்கும் தெரிந்தவை சில. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. 1829-ல் அடிக்கல் நாட்டி 1831-ல் திறந்த புனித ஸ்டீபன் தேவாலயம். 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம். அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். 1908-ல் ஊட்டி வரை வந்து சேர்ந்த மலை ரயிலின் நிலையங்கள்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருபவை பெயர் தெரியாத கட்டடங்கள். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பழைய கடைகள், குன்னூர் சரிவுகளில் ஓடு வேய்ந்த வீடுகள், படுகர் ஹட்டிகளில், அதாவது அவர்களின் கிராமங்களில், ஒரே வரிசையாக நிற்கும் வீடுகள், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள். தேவாலயத்தில் விரிசல் விட்டால் பத்திரிகையில் வரும். ஹட்டியில் ஒரு வரிசையே இடிந்து கான்கிரீட் ஆனாலும் வெளியே யாருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. அவன் வசதிக்காகக் கட்டியவைதான், மறுக்கவில்லை. தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில்தான் ஊட்டி நகரம் எழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கல்லை உடைத்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் உத்தரத்தைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தவர்களும் நம் ஆட்கள். புனித ஸ்டீபன் தேவாலயத்தின் மர உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மைசூரிலிருந்து மலைச்சரிவு வழியாக அத்தனை பாரத்தை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த உழைப்புக்குக் கல்வெட்டு எதுவும் கிடையாது. கட்டடம் ஒன்றுதான் சாட்சி.

கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் சல்லிவன் 1819-ல் கட்டிய முதல் பங்களா சிதைந்து கிடந்தது. அதை மீட்டு இன்று நினைவகமாக நடத்துகிறார்கள். அங்கே போனால் சல்லிவனைப் பற்றி மட்டுமல்ல, இந்த மலையின் மக்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். பழைய கட்டடம் யார் கதையைச் சொல்ல வேண்டும் என்பதை இப்போது நாம்தான் முடிவு செய்கிறோம்.

நீலகிரியில் எவ்வளவு உயரம் கட்டலாம்?

7 மீட்டர். சுமாராகத் தரைத்தளமும் ஒரு மாடியும். 1993-ம் ஆண்டு மலைநகரக் கட்டட விதிகளும் மாஸ்டர் பிளானும் வந்த பிறகு இதுதான் நிலை. அதற்கு முன்பே, 1990-ல், மலைப் பகுதிகளுக்கான பாதுகாப்புக் குழுமத்தை அரசு அமைத்தது. ஊரில் அதை 'ஹாகா' என்றுதான் சொல்வார்கள். இதுபோக ஜே.சி.பி. வைத்து மண் வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். மரம் வெட்ட 1955-ம் ஆண்டு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு? அழகுக்காகவா?

அழகு இரண்டாம்பட்சம். முதல் காரணம் மண்.

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. அதன் மேல் காலங்காலமாகச் சிதைந்து உருவான செம்மண் பல இடங்களில் கனமாகப் படிந்திருக்கிறது. மழை நீர் அந்த மண்ணுக்குள் இறங்கும், ஆனால் பாறையைத் தாண்டிப் போக முடியாது. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் நீர் சேரச் சேர, மேலே இருக்கும் மண் மொத்தமும் பிடி இழந்து சறுக்குகிறது. வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை நேராக வெட்டினால், மேலுள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த பாகத்தையே எடுத்துவிட்டோம் என்று பொருள். அப்புறம் எவ்வளவு பெரிய தடுப்புச் சுவர் கட்டினாலும், அதில் நீர் வெளியேறத் துளை விடாவிட்டால், சுவர் பின்னால் நீர் கட்டி ஒருநாள் தள்ளிக்கொண்டு விழும்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நவம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏழு மீட்டர் விதியைத் தளர்த்தலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மழைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. ஏழு மீட்டருக்குள் கட்டிவிட்டு, கீழே மலையைக் குடைந்து இரண்டு தளம் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் சின்ன வீடு, பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் நான்கு மாடி. விதியின் நோக்கம் மண்ணைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது என்றால், எவ்வளவு மண் வெட்டப்பட்டது என்பதையும் அளக்க வேண்டும்.

மலையில் யாரும் உயரமாகக் கட்டவே இல்லையா?

கட்டினார்கள். பழனி மலையில், கொடைக்கானலில், ஒரு ஹோட்டல். பிளசண்ட் ஸ்டே என்று பெயர். 1991-ல் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழுப்பினார்கள். விதிக்கு மாறான அந்தத் தளங்களுக்கு 1994-ல் அரசு விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற உள்ளூர் அமைப்பு வழக்குப் போட, உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். விலக்கு அளித்தது தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோருக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. அதே நாள் நடந்த கலவரத்தில் தர்மபுரி அருகே பேருந்து எரிக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து விடுதலை அளித்தது. ஆனாலும் கூடுதல் தளங்கள் விதிமீறல் என்ற தீர்ப்பு மாறவில்லை.

அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது, கேள்வி கேட்டது உள்ளூர் ஆட்கள் என்பது. வெளியூர் நிபுணர் யாரும் வந்து சொல்லவில்லை. தினமும் அந்த வழியாக நடந்துபோனவர்கள் தளங்களை எண்ணிப் பார்த்தார்கள்.

சென்னையில் எல்.ஐ.சி. கட்டடத்தை எரிந்த பிறகும் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்களே, அந்த முறை இங்கே உதவுமா?

பெரிதாக உதவாது. அண்ணா சாலை எல்.ஐ.சி. 1959-ல் திறந்த 14 மாடி, 177 அடி உயரம். 1975-ல் தீப்பிடித்தது. பழுதுபார்த்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் பாரத்தைத் தாங்குவது கான்கிரீட் தூணும் உத்தரமும். நடுவில் இருக்கும் சுவர்களை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம், கட்டடம் நிற்கும்.

ஊட்டியின் பழைய கட்டடங்களில் சுவரேதான் தூண். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையில் உட்கார்ந்து கூரையைத் தாங்குகின்றன. ஹால் பெரிதாகட்டும் என்று நடுச்சுவரை எடுத்தால் மேலே இருப்பது இறங்கிவிடும். ஆகவே கான்கிரீட் மட்டும் தெரிந்த இன்ஜினீயரை வைத்து இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இது வேறு வகைக் கட்டடம்.

பழைய சுவரில் காரை உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்த மலையில் பழைய கட்டடங்களை அதிகம் கெடுத்ததும் சிமெண்ட் பூச்சுதான்.

பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழைச்சாரலில் நனையும் ஈரமும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல ஆவியாகிப் போகும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, அல்லது அறைக்குள் வருகிறது. சுவரில் உப்புப் பூக்கும். கொஞ்ச வருஷத்தில் சிமெண்ட் பாளம் பாளமாக விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். சிமெண்ட் அந்தக் காலத்துச் செங்கல்லைவிடக் கெட்டி. இரண்டும் அசையும்போது உடைவது செங்கல். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். கல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. மெல்லிசாகப் பூசி, ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. ஈரச் சாக்கு போட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாக மாறுகிறது, அதை அவசரப்படுத்த முடியாது.

ஊட்டியில் இதற்கு ஏற்ற மாதங்கள் குறைவு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். பச்சைப் பூச்சுக்குள் இருக்கும் நீர் உறைந்தால் பூச்சு வெடித்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. மீதி பிப்ரவரியிலிருந்து மே வரை. அதில் கடைசி இரண்டு மாதம் சீசன், எந்த ஹோட்டல்காரரும் சாரம் கட்ட விடமாட்டார். வேலைக்கு ஆள் பேசுவதை முந்தின தீபாவளிக்கே தொடங்குங்கள்.

ஈரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. சுவரைத் தொடுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

வெளியே போய் ரோட்டைப் பாருங்கள். தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, கட்டடத்தின் தரை கீழே போயிருக்கும். மழைத் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு வருகிறது. சுவரை ஒட்டிச் சேர்ந்த மண்ணை வாரி எடுத்து, ஜல்லி நிரப்பிய வாய்க்கால் ஒன்று போட்டு நீரைச் சரிவில் இறக்கிவிட்டாலே பாதி ஈரம் போய்விடும்.

அடுத்தது பலகைத் தரை. பழைய பங்களாக்களில் பலகைக்குக் கீழே வெற்றிடம் இருக்கும், அதற்குக் காற்று வரச் சுவரின் அடியில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கும். எலி வருகிறது என்று அவற்றை அடைத்துவிடுகிறார்கள். கீழே இருக்கும் மரச்சட்டங்கள் புழுங்கி உளுத்துப்போகின்றன. அடைப்பை எடுத்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள். கணப்படுப்பின் புகைபோக்கியையும் முழுசாக அடைக்காதீர்கள், அறைக்கு அதுதான் மூக்கு.

கூரையில் ஓடு உடைந்திருந்தால் தெரிந்துவிடும். இரண்டு சரிவு சேரும் இடத்தில் இருக்கும் தகரக் கால்வாயில் ஓட்டை விழுந்தால் தெரியாது. கைமரம் உளுத்த பிறகுதான் தெரியும். மழைக்கு முன் அதில் சேரும் இலைகளை அள்ளிவிட வேண்டும்.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டலாமா?

கட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முகப்புச் சுவரைப் பின்னால் இருக்கும் குறுக்குச் சுவர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் புதுக் கான்கிரீட்டோடு கட்டினால் இரண்டும் ஒரே மாதிரி அசையாது, விரிசல் விடும். அதைவிட, உள்ளே இருந்த பலகையும் படியும் கணப்படுப்பும் போனபின் அது ஒரு போர்டு மாதிரிதான். முழுசாகக் காப்பாற்ற முடியாத கட்டடம் என்றால் அளந்து, படம் எடுத்து, மரத்தையும் கல்லையும் வேறு பழுது வேலைக்குக் கொடுங்கள். அது நேர்மையான வழி.

பழைய கட்டடத்தை ஹோட்டலாக்குவது சரியா?

பயன்பாட்டில் இருக்கும் கட்டடமே பிழைக்கும். ஊட்டியின் பழைய கட்டடமான அசெம்பிளி ரூம்ஸ் இன்னும் தியேட்டராக இருப்பதால்தான் அதன் கூரையை யாராவது கவனிக்கிறார்கள். அதனால் ஹோட்டல் என்றாலே தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு குளியலறை என்றால் எத்தனை குழாய், எத்தனை கழிவுநீர், அது எந்த ஓடைக்குப் போகிறது என்று கேட்க வேண்டும். பழைய வீட்டுக்கு ஒரே ஒரு குளியலறை இருந்திருக்கும். பத்து அறைக்குப் பத்து என்று போட்டால் சுவருக்கும் கெடுதல், கீழே இருக்கும் குடியிருப்புக்கும் கெடுதல்.

இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா?

மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளின் பட்டியலில் இருப்பவற்றுக்கு உண்டு. மத்திய துறையின் சின்னம் என்றால் சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையே உண்டு. மலை ரயிலுக்கு 2005 முதல் யுனெஸ்கோ அந்தஸ்து இருக்கிறது. தனியார் கையில் இருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பெரும்பாலும் எதுவும் இல்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று 2012-லேயே தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை ஓட்டு வீடுகள் போயின என்பதற்குக் கணக்கு கிடையாது.

மார்க்கெட்டை இடிப்பதை எதிர்க்கிறீர்களா, ஆதரிக்கிறீர்களா?

கடைக்காரர்கள் சொல்வதை முதலில் கேளுங்கள் என்கிறேன். ஒழுகும் தகரம், அடைத்த சாக்கடை, தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாத சந்து. இதையெல்லாம் பாரம்பரியம் என்ற பேரில் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. அதே சமயம் அவர்களின் பயமும் உண்மையானது. தற்காலிகக் கடைக்கு வாடிக்கையாளர் தேடி வருவாரா, புதுக் கட்டடம் முடிந்ததும் அதே ஆளுக்கு அதே கடை கிடைக்குமா, வாடகை எத்தனை மடங்காகும்? ஊட்டி மார்க்கெட் கேரட்டும் முட்டைக்கோசும் விற்கும் இடம் மட்டுமல்ல. ஹட்டிகளிலிருந்து வரும் படுகர்கள், சமவெளியிலிருந்து வந்து தலைமுறைகளாகக் கடை நடத்துகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடம். மாடி மேல் மாடியாகக் கடை அடுக்கினால் மூட்டை தூக்குபவருக்குப் படி ஏறும் கூலியை யார் தருவார்?

என் கருத்து: நன்றாக நிற்கும் பாகத்தைப் பழுதுபார்த்து, நிற்காததை மட்டும் படிப்படியாக இடித்துக் கட்ட வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினால் கடைக்காரர்களில் சிறியவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

கட்டுப்பாடு எல்லாம் ஏழைகளுக்குத்தானா?

வலிக்கிற கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறையப் பேர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக லைன் வீட்டில் இடமில்லை. கிடைக்கிற சரிவில் ஒரு அறை போடுகிறார்கள். அதற்கு நோட்டீஸ் வருகிறது. மேலே அதே சரிவில் காட்டேஜ் வளர்கிறது. விதி பொதுவானது என்றால் நோட்டீஸும் பொதுவாக இருக்க வேண்டும். பாதுகாப்பான மட்டமான நிலத்தில் உழைப்பவர்களுக்கு வீடு ஒதுக்காமல் சரிவில் கட்டாதே என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

குதிரைப் பந்தய மைதானம்?

2024-ல் குத்தகை பாக்கி காரணமாக அரசு மீட்ட, சுமார் 52 ஏக்கர் நிலம். நகரத்தின் நடுவில் மழைநீர் இறங்கும் பள்ளம். புல்லும் நீரும் உள்ள திறந்தவெளியாகவே இருக்கட்டும் என்பவர்களோடு நான் நிற்கிறேன்.

இ-பாஸ் வந்ததால் கட்டுமான நெருக்கடி குறையுமா?

வண்டி குறையும். வெளியூர் வண்டிகள் மலைக்கு வர முன்கூட்டியே வாங்க வேண்டிய இந்த அனுமதி, 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இருக்கிறது. கட்டடம் குறைய அது போதாது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால் எதைக் கேட்பது?

உணர்ச்சியாகப் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் எழுதிக்கொண்டு போங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். எவ்வளவு மண் வெட்டப்படும், அது எங்கே கொட்டப்படும்? புவியியல் துறை அந்தச் சரிவைப் பார்த்ததா, அறிக்கையின் நகல் எங்கே? மழைநீரும் கழிவுநீரும் எந்த வாய்க்காலில் சேரும், அந்த வாய்க்கால் இப்போதே நிரம்பி வழிகிறதா? பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்தால் என்ன செலவு என்று யாராவது கணக்குப் போட்டார்களா, அல்லது இடிப்பதற்கு மட்டும் மதிப்பீடு இருக்கிறதா? இப்போது இருக்கும் கடைக்காரர், குடியிருப்பவர் பட்டியல் தயாரா, திரும்ப இடம் தருவதாகக் கையெழுத்திட்ட ஆவணம் உண்டா? எந்த மரங்கள் போகும்?

கன்னடமும் மலையாளமும் படுகுவும் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். கூட்டத்தில் அவர்களுக்குப் புரியும்படி யாராவது சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கூட்டம் மார்க்கெட் விடுமுறை நாளில் நடக்கட்டும் என்றும் மனுவில் சேர்த்துவிடுங்கள். வேலை நாளில் வைத்தால் கடைக்காரர்களும் சுமைதூக்குபவர்களும் வர முடியாது.